கதிர்ச் சிகிச்சையாளரை யாழ்ப்பாணத்திலேயே படிப்பிக்க வேண்டும்

வாயிலோ தொண்டையிலோ புற்றுநோய் வந்த ஒருவருக்குக் கதிர்ச் சிகிச்சை என்று வைத்தியர் எழுதினால், அது ஒருநாள் வேலை அல்ல. கிழமைக்கு ஐந்து நாள், சனி ஞாயிறு ஓய்வு என்று 30 முதல் 35 தடவை மெசினின் கீழே படுக்க வேண்டும். ஆறேழு கிழமை ஓடிவிடும். கொடிகாமத்திலோ கச்சாயிலோ வரணியிலோ இருக்கிறவருக்கு, தங்கிச் சிகிச்சை பெற வசதியில்லாவிட்டால், அத்தனை நாளும் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பயணம். ஏ-9 பஸ்ஸில் யாழ்ப்பாணம், அங்கே இறங்கிக் காங்கேசன்துறை வீதி பஸ். கொடிகாமமும் தெல்லிப்பழையும் ஒரே ரயில் பாதையில் இருக்கும் ஊர்கள்தான். ஆனால் நோயாளிக்குக் கொடுத்த நேரத்துக்கும் ரயில் வரும் நேரத்துக்கும் பொருத்தம் பார்ப்பது வேறு கதை. தொண்டை புண்ணாகி, சோறு இறங்காமல், கஞ்சியும் வலிக்கும் நாலாம் ஐந்தாம் கிழமையில் அந்தப் பயணத்தை நினைத்துப் பாருங்கள்.

இந்த முழுக் காலத்திலும் அவர் புற்றுநோய் வைத்தியரைச் சந்திப்பது கிழமைக்கு ஒருமுறை இருக்கலாம். சத்திரசிகிச்சை செய்தவரை அதன்பின் காணாமலே இருக்கலாம். ஒவ்வொரு நாளும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, மேசையில் படுக்க வைத்து, தோளைச் சரிசெய்து, "அசையாமல் இருங்கோ ஐயா, இப்ப முடிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துகிறவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் கதிர்ச் சிகிச்சையாளர். எக்ஸ்றே எடுக்கும் ரேடியோகிராபரின் கூடப்பிறந்த தொழில் இது. எங்கள் ஊர்களில் இப்படியொரு தொழில் இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் "மெசின் போடுறவர்" என்பதோடு விட்டுவிடுகிறார்கள்.

அந்தத் தொழிலுக்கான படிப்பு வடக்கில் தொடங்கப்பட வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை கேட்பது. ஏன் வடக்கில் என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் அந்த வேலை என்னவென்று தெரிய வேண்டும்.

கதிர்ச் சிகிச்சையின் அடிப்படைச் சங்கடம் இதுதான்: புற்றுநோய்க் கலத்தைக் கொல்லும் கதிர் நல்ல கலத்தையும் தாக்கும். நல்ல கலம் ஓரளவு தன்னைத் திருத்திக்கொள்ளும், புற்றுநோய்க் கலத்துக்கு அந்தத் திறமை குறைவு. அதனால் ஒரேயடியாகக் கொடுக்காமல் ஒவ்வொரு நாளும் 2 கிரே (கதிரளவின் அலகு) வீதம் பிரித்து, 60 அல்லது 70 கிரே வரை கொண்டுபோகிறார்கள். அந்தக் கதிர் ஒவ்வொரு நாளும் அதே இடத்தில், சில மில்லிமீற்றர் பிசகாமல் விழ வேண்டும். கழுத்தில் கட்டி இருக்கும் இடத்துக்குப் பின்னால் முள்ளந்தண்டு நரம்பு போகிறது. அது 45, 50 கிரேக்கு மேல் தாங்காது. பக்கத்திலேயே உமிழ்நீர்ச் சுரப்பிகள் இருக்கின்றன. அவை கருகினால் நோயாளி உயிர் தப்பினாலும் வாழ்நாள் முழுவதும் வாய் உலர்ந்தே இருக்கும்.

ஆகவே நோயாளி அசையக்கூடாது. ஒருவகை பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் இளக்கி, முகத்தின் மேல் இழுத்துப் போர்த்தி, ஆறவிட்டு, அவரவர் முகத்துக்கே உரிய கவசம் செய்கிறார்கள். அதை ஒவ்வொரு நாளும் முகத்தில் மாட்டி மேசையோடு பூட்ட வேண்டும். மூடிய இடத்தில் பயப்படுகிற ஒருவருக்கு, அந்தக் கவசத்துக்குள் சில நிமிடம் கிடப்பது பெரிய சோதனை. சுவரிலிருந்து வரும் லேசர்க் கோடுகளையும் தோலில் அல்லது கவசத்தில் போட்ட அடையாளங்களையும் பொருத்துவது, படம் எடுத்து ஒப்பிடுவது, பெயரையும் திட்டத்தையும் இரண்டுபேர் சேர்ந்து சரிபார்ப்பது, தடித்த கொங்கிரீற் சுவருக்கு இப்பால் இருந்து திரையில் நோயாளியின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருப்பது, இருமினால் உடனே நிறுத்துவது எல்லாம் இவருடைய பொறுப்பு. விடிய முதல் நோயாளி வருமுன் மெசின் சொன்ன அளவைத்தான் தருகிறதா என்று சோதிப்பதும் இவர் பங்கில் வரும்.

கோபால்ட்-60 மெசினை எடுத்துக்கொள்ளுங்கள். 1951 இல் கனடாவில் முதல் நோயாளிக்குப் பயன்பட்ட இந்த மெசின்தான் ஏழை நாடுகளின் புற்றுநோய் வைத்தியசாலைகளைப் பல தசாப்தங்கள் தாங்கியது. கோபால்ட்டின் அரை ஆயுள் 5.27 வருடம். மாதத்துக்கு ஏறத்தாழ 1 வீதம் அதன் வலு குறைந்துகொண்டே போகும். போன மாதம் நோயாளி கதிரின் கீழ் இருந்த நேரம் இந்த மாதம் போதாது, கணக்குப் பார்த்துக் கூட்ட வேண்டும். ஐந்து வருடத்துக்கு மேல் மூலத்தை மாற்றாமல் விட்டால் ஒவ்வொருவருக்கும் இரட்டிப்பு நேரம் பிடிக்கும், வெளியே வாங்கில் காத்திருப்பவர்களின் வரிசை அப்படியே நீளும். உயர்தரப் பௌதிகவியல் பாடத்தில் எங்கள் பிள்ளைகள் அரை ஆயுள் கணக்கைச் செய்து புள்ளி வாங்குகிறார்கள். தூரம் கூடக் கதிரின் செறிவு வர்க்கத்தில் குறையும் என்ற விதியையும் படிக்கிறார்கள். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஓர் உயிரைக் காப்பாற்றும் வேலை தெல்லிப்பழையில் நடக்கிறது என்பதை வகுப்பறையில் யாராவது ஒருவர் சொன்னால், சில பிள்ளைகளுக்காவது அந்தப் பாடம் வேறு மாதிரித் தெரியும்.

தவறினால் என்ன நடக்கும் என்பதற்கும் வரலாறு இருக்கிறது. 1986 இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் டைலர் நகரில், தெராக்-25 என்ற மெசினின் மென்பொருள் கோளாறால் ஒரு நோயாளிக்குப் பல மடங்கு கதிர் பாய்ந்தது. அன்றைக்கு அறைக்குள் பார்க்கும் கமராத் திரையின் இணைப்புக் கழற்றப்பட்டிருந்தது, ஒலிவாங்கியும் பழுது. அவர் துடித்ததை வெளியே இருந்தவர் காணவுமில்லை, கேட்கவுமில்லை. கோளாறு மென்பொருளில் இருந்தாலும், பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்கு வழியில்லாமல் போனதால்தான் இரண்டாவது தடவையும் பொத்தான் அழுத்தப்பட்டது.

பிரான்சின் எப்பினால் நகர வைத்தியசாலையில் 2004, 2005 இல் நடந்தது எனக்கு இன்னும் நெருக்கமாகப் படுகிறது. புரொஸ்டேட் புற்றுநோய்க்கு வந்த இருபதுக்கும் மேற்பட்டவர்கள் அளவுக்கு மிஞ்சிய கதிர் வாங்கினார்கள், சிலர் இறந்தார்கள். சிகிச்சையைத் திட்டமிடும் மென்பொருளில் ஒரு தெரிவைப் பிழையாக விளங்கிக்கொண்டதே காரணம். அந்த மென்பொருளின் திரை ஆங்கிலத்தில் இருந்தது. பிரெஞ்சு மொழியில் கைநூல் இல்லை. வேலை செய்தவர்களுக்குப் போதிய பயிற்சியும் இல்லை. பணக்கார நாடு, நல்ல மெசின், அக்கறையுள்ள ஊழியர்கள் எல்லாம் இருந்தும் பயிற்சியிலும் மொழியிலும் இருந்த இடைவெளி போதுமாக இருந்தது.

இனி எங்கள் நிலைமைக்கு வருவோம்.

வடக்குக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை எப்படி வந்து சேர்ந்தது என்பதை மறந்துவிடக்கூடாது. 1990 க்குப் பிறகு தெல்லிப்பழைப் பகுதி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள்ளும் அதன் ஓரத்திலும் கிடந்தது. 2002 ஏப்ரலில் ஏ-9 பாதை திறந்தபோது கொழும்புக்குப் பக்கத்து மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்வருவது கைக்கெட்டியது. 2006 ஆகஸ்ட் 11 இல் முகமாலையில் பாதை மூடப்பட்டது. கொடிகாமத்திலிருந்து எழுதுமட்டுவாள் தாண்டினால் முகமாலை. எங்கள் வாசலிலேயே கதவு சாத்தப்பட்டது. கப்பலுக்கும் விமானத்துக்கும் அனுமதி எடுத்துப் போக முடிந்தவர் போனார். முடியாதவர் வீட்டில் கிடந்தார். கதிர்ச் சிகிச்சை இடையில் நிற்கக்கூடாத சிகிச்சை என்பதை அந்தக் காலத்தில் சொல்லியும் பயனில்லை.

போருக்குப் பிறகு 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை ஒரு நடைபயணம் நடந்தது. 27 நாட்கள், 670 கிலோமீற்றர். நேதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவே ஆகியோர் முன்னின்று நடத்திய அந்தப் பயணத்தில் திரட்டிய காசில்தான் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. 2013 இல் திறக்கப்பட்டது. தெற்கில் இருந்த சிங்களச் சகோதரர்களும் பாடசாலைப் பிள்ளைகளும் தந்த காசு அதில் கலந்திருக்கிறது. 2016 இல் அதே பயணம் மறுதிசையில், பருத்தித்துறையிலிருந்து தெற்கு நோக்கி, காலி கராப்பிட்டிய வைத்தியசாலைக்காக நடந்தது. இந்தக் கட்டடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும். ஆனால் கட்டடத்துக்கும் மெசினுக்கும் காசு சேர்க்கலாம். அதை இயக்கும் ஆளைக் காசு கொடுத்து ஒரு வருடத்தில் வாங்க முடியாது.

அந்த ஆள் எங்கே உருவாகிறார்? சுகாதார அமைச்சின் கதிர்ப்படவியல் பாடசாலை கொழும்பில் இருக்கிறது, கதிர்ச் சிகிச்சைக்கான செய்முறைப் பயிற்சியின் மையம் மகரகம அபேக்ஷா வைத்தியசாலை. நான்கு வருடப் பட்டப்படிப்பு பேராதனைப் பல்கலைக்கழகத்திலும், கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இணைந்த சுகாதார விஞ்ஞான பீடத்தில் தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் படிப்பிக்கிறார்கள். அந்த மூன்றோடு கதிர்ப்படவியல் சேரவில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறந்த இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனத்தில் வாகனமும் கட்டடமும் மின்னியலும் படிக்கலாம். அதுவும் அருமையான இடம். ஆனால் மருத்துவ மெசின் பக்கம் போக வடக்குப் பிள்ளைக்கு வடக்கில் கதவு இல்லை.

கொழும்புக்குப் போனால் என்ன என்று கேட்கலாம். போகிறவர்கள் போகத்தான் செய்கிறார்கள். தென்னங்காணியும் சந்தை வியாபாரமும் வைத்து வாழும் ஒரு குடும்பத்துக்கு, தலைநகரில் அறை வாடகையும் சாப்பாடும் இரண்டு மூன்று வருடம் தாங்குவது பெரிய விசயம். பெண்பிள்ளை என்றால் வீட்டில் இன்னும் யோசிப்பார்கள். அந்த யோசனை சரியோ பிழையோ, அது இருக்கிறது. அப்படியும் போய்ப் படித்து வருகிற பிள்ளை, வருகிற வழியிலேயே கொழும்பிலோ அதைத் தாண்டியோ வேர் விட்டுவிடும்.

இது எங்கள் ஊர் அனுமானம் மட்டுமல்ல. பின்தங்கிய இடங்களில் சுகாதார ஊழியரை எப்படித் தக்கவைப்பது என்று உலக சுகாதார நிறுவனம் 2010 இல் வழிகாட்டி வெளியிட்டது. அதன் முதல் பரிந்துரைகளே, கிராமப்புறப் பின்னணி உள்ள மாணவரைச் சேருங்கள், பயிற்சிப் பாடசாலைகளைத் தலைநகருக்கு வெளியே வையுங்கள் என்பவைதான். 2021 இல் அந்த வழிகாட்டியைப் புதுப்பித்தபோதும் அதையே சொன்னார்கள். ஊர்ப் பிள்ளை ஊருக்குப் பக்கத்தில் படித்தால் அங்கேயே நிற்பதற்கான வாய்ப்புக் கூட. தூர இடத்திலிருந்து நியமனம் பெற்று வருகிறவர், எவ்வளவு மனமாக வேலை செய்தாலும், வருடாந்த இடமாற்றப் பட்டியலைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். அவருக்கும் தாய் தகப்பன், பிள்ளைகள் இருக்கிறார்கள். குறை சொல்ல முடியாது.

ஆள் இல்லாத ஒரு நாள் என்பது வெறும் தாமதமல்ல. தலை, கழுத்துப் புற்றுநோயில் சிகிச்சைக் காலம் ஒருநாள் நீண்டால் கட்டியை அடக்கும் வாய்ப்பு 1 வீதமோ அதற்கும் சற்று மேலோ குறைகிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. மூன்று நாலு கிழமை கதிர் வாங்கிய பிறகு எஞ்சிய புற்றுநோய்க் கலங்கள் முன்னிலும் வேகமாகப் பெருகத் தொடங்கும். இடைவெளி அவற்றுக்குக் கிடைக்கும் சலுகை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கும் இது பொருந்தும். மெசின் பழுதாகி ஒருநாள் தவறினால், சனிக்கிழமை கொடுத்தோ, ஆறு மணித்தியால இடைவெளி விட்டு ஒரே நாளில் இருமுறை கொடுத்தோ ஈடுகட்டலாம். அதற்கும் கூடுதல் ஆள் வேண்டும். பயிற்சி பெற்றவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருக்கும் இடத்தில், ஒருவருக்குக் காய்ச்சல், இன்னொருவருக்குப் பிரசவ விடுமுறை என்றாலே அட்டவணை ஆடிப்போகும்.

இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் உதடு, வாய், தொண்டைப் பகுதியில்தான். பெண்களுக்கு மார்பகத்தில். இரண்டுக்கும் கதிர்ச் சிகிச்சை முக்கியமான ஆயுதம். வெற்றிலையும் பாக்கும் எங்கள் வீட்டு வாசலில் தட்டத்தோடு இருந்தவை. புகையிலை வலிகாமத்தின் பணப்பயிர். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோயைத் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் சொல்லிவிட்டது. அதாவது தெல்லிப்பழையின் வாங்கில் ஆட்கள் குறையப்போவதில்லை.

மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இடது மார்பகத்துக்குக் கதிர் கொடுக்கும்போது மூச்சை ஆழ இழுத்துப் பிடிக்கச் சொன்னால் இதயம் கதிரிலிருந்து சற்று விலகும். இடுப்புப் பகுதிக்குச் சலப்பை நிறைந்திருக்க வேண்டும். கழுத்துக்கு விழுங்காமல் இருக்க வேண்டும். இவற்றை எழுபது வயது அம்மா ஒருவருக்கு விளங்கும்படி, அவருடைய பயத்தையும் கூச்சத்தையும் அறிந்து சொல்வது மருத்துவத்தின் ஒரு பகுதி. மேற்சட்டை கழற்றி மேசையில் கிடக்கும் ஒரு பெண்ணுக்கு, "அம்மா, இந்தத் துணியால மூடிவிடுறன்" என்று தன் மொழியில் ஒரு பிள்ளை சொல்வது எவ்வளவு ஆறுதல்! மறுபக்கத்தில், மெசினும் மென்பொருளும் பாடநூலும் ஆங்கிலத்தில்தான். எப்பினாலில் நடந்ததை நினைத்தால், எங்கள் மாணவருக்கு ஆங்கிலத்தைப் பாடத்தின் ஓரத்தில் வைக்காமல் நடுவில் வைத்துப் படிப்பிக்க வேண்டும். இரண்டு மொழியிலும் கெட்டியான பிள்ளைகளை யாழ்ப்பாணம் உருவாக்கும். இங்கே மருத்துவ பீடம் 1978 இலிருந்து அதைத்தான் செய்துவருகிறது.

கதிர்ச் சிகிச்சையாளர் ஒரு மாகாணத்துக்கு எத்தனைபேர் தேவை, அதற்கொரு துறையா என்ற கேள்வி நியாயமானது. அதனால்தான் தனியாகத் தொடங்கச் சொல்லவில்லை. முதல் இரண்டு வருடம் எக்ஸ்றே, சி.ரி. படிப்பவர்களும் கதிர்ச் சிகிச்சை படிப்பவர்களும் ஒன்றாக உடற்கூறு, கதிர்ப் பௌதிகவியல், கதிர்ப் பாதுகாப்பு, நோயாளர் பராமரிப்பு படிக்கலாம். பிறகு பிரியலாம். மன்னார், முல்லைத்தீவு, வவுனியா, கிளிநொச்சி, சாவகச்சேரி என்று எல்லா வைத்தியசாலைகளுக்கும் படமெடுப்பவர்கள் தேவை. அந்தப் பெரிய தொகைக்குள் கதிர்ச் சிகிச்சைக்கு ஆண்டுக்குச் சிலரை எடுத்தால் போதும். படமெடுக்கும் பயிற்சிக்கு யாழ் போதனா வைத்தியசாலை, கதிர்ச் சிகிச்சைப் பயிற்சிக்குத் தெல்லிப்பழை. பௌதிகவியல் துறை பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது. மருத்துவப் பௌதிகவியலில் கொழும்பிலும் பேராதனையிலும் முதுமாணி முடித்தவர்களை விரிவுரைக்கு அழைக்கலாம்.

வைத்தியசாலையும் பாடசாலையும் ஒரே வளவில் வளர்ந்ததற்கு எங்களுக்குக் கிட்டிய உதாரணம் சென்னை அடையாறு. முத்துலட்சுமி ரெட்டி 1954 இல் 12 கட்டில்களோடு தொடங்கிய புற்றுநோய் நிலையம் அது. 1957 இல் கனடாவிலிருந்து கோபால்ட் மெசின் வந்தது. வைத்தியர்களான கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் அங்கே நோயாளரைப் பார்த்துக்கொண்டே வைத்தியரையும் பௌதிகவியலாளரையும் தொழில்நுட்பவியலாளரையும் பழக்கினார்கள். 1984 இல் அது புற்றுநோயியல் கல்லூரியாகவும் ஆனது. முதலில் மெசின், பிறகு எப்போதாவது படிப்பு என்று அவர்கள் ஒத்திவைத்திருந்தால் இன்றைய அடையாறு இல்லை.

படித்துவிட்டு வெளிநாடு போய்விடுவார்கள் என்பது அடுத்த கவலை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு சுகாதாரத்துறையிலிருந்து எத்தனையோபேர் போனதைக் கண்ட நாடு இது. பிரித்தானியாவில் இந்தத் தொழிலுக்கு ஆள் தட்டுப்பாடு, ரொறன்ரோவில் மிச்சினர் நிறுவனமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து பட்டமே கொடுக்கின்றன. சிலர் போவார்கள், தடுக்க முடியாது. ஆனால் பத்துப்பேர் படித்து நாலுபேர் போனால் ஆறுபேர் மிச்சம். ஒருவரும் படிக்காவிட்டால் மிச்சமே இல்லை. வேலைக்கு உறுதியான பதவி, மேற்படிப்புக்கு வழி, வருடாந்தச் சம்பள உயர்வு ஆகியவற்றை அமைச்சு முறையாகச் செய்தால் அந்த ஆறு ஏழாகும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இந்தத் தொழில் செய்யும் எங்கள் பிள்ளைகள் விடுமுறையில் வந்து இரண்டு கிழமை செய்முறை வகுப்பு எடுத்தால், கோயில் திருவிழாவுக்கு வருவதைப் போலவே அதுவும் ஊருக்குச் செய்யும் கடன்.

பெற்றோரிடமும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. கதிரோடு வேலை செய்தால் பிள்ளை பிறக்காது, தலைமுடி கொட்டும் என்ற பயம் ஊரில் இருக்கிறது. சிகிச்சை நடக்கும்போது ஊழியர் அந்த அறைக்குள் இருப்பதில்லை. ஒவ்வொருவரும் நெஞ்சில் கதிர் அளக்கும் வில்லை குத்தியிருப்பார்கள், அதைக் கிரமமாக அனுப்பி அளப்பார்கள். சர்வதேச விதிப்படி ஆண்டுக்கு 20 மில்லிசீவேர்ட் சராசரி எல்லை. ஒழுங்காக நடக்கும் சிகிச்சைப் பிரிவில் வேலை செய்பவர் அதன் கிட்டவும் போவதில்லை. கர்ப்பிணி ஊழியருக்கு இன்னும் இறுக்கமான எல்லை உண்டு. 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் இதற்கென்றே ஒழுங்குபடுத்தும் சபையும் நாட்டில் இருக்கிறது.

மருத்துவ பீடத்துக்கு வெட்டுப்புள்ளி எட்டவில்லை என்று மூன்றாம் முறை சோதனைக்கு இருத்தப்படும் பிள்ளைகள் தென்மராட்சியில் எத்தனைபேர்! கொடிகாமம் திருநாவுக்கரசு மத்திய கல்லூரியிலும் சாவகச்சேரியின் கல்லூரிகளிலும் விஞ்ஞானப் பிரிவில் சித்தியடைந்து வீட்டிலிருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும், துணை மருத்துவப் பயிற்சிக்கான வர்த்தமானி அறிவித்தல் எப்போது வரும், எதைப் படித்திருக்க வேண்டும், எங்கே விண்ணப்பிப்பது என்பதைப் பாடசாலையே சொல்ல வேண்டும். அதற்குப் புதிய பீடமோ கட்டடமோ தேவையில்லை, உயர்தர வகுப்பை ஒருநாள் தெல்லிப்பழைக்குக் கூட்டிப்போய், நோயாளரைச் சங்கடப்படுத்தாமல், வேலை முடிந்த பின்னேரத்தில் அந்த அறையைக் காட்டினால் போதும்.

பட்டப்படிப்பு அப்படியல்ல, அதற்குப் பல்கலைக்கழக மூதவை, மானியங்கள் ஆணைக்குழு, சுகாதார அமைச்சு என்று மூன்று படி ஏற வேண்டும். பாடத்திட்டம் எழுதி, முதல் தொகுதி படித்து வெளியேற ஆறேழு வருடமாவது ஆகும். இன்றைக்கு உயர்தர வகுப்பைத் தொடங்கும் பிள்ளைகள் அந்தத் தொகுதியாக இருக்கலாம். இணைந்த சுகாதார விஞ்ஞான பீடம் இந்த வருடமே முன்மொழிவை மூதவைக்கு வைக்கட்டும். வடக்கின் பாராளுமன்ற உறுப்பினர்கள், கட்சி எதுவானாலும், அதை வரவு செலவுத் திட்ட விவாதத்தில் ஒன்றாக நின்று கேட்கட்டும்.